இடைவேளையில் நின்ற நடிகை

பல ஆண்டுகளுக்கு முன், திரைப்படச் சங்கம் ஒன்றின் திரையிடலில் ‘தொலைந்துபோன பெண்ணின் நாட்குறிப்பு’ என்ற ஜெர்மானிய மௌனப் படத்தைப் பார்த்தேன். 1929இல் ஜி.டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கிய படம் அது. நாயகி லூயிஸ் புரூக்ஸைப் பார்ப்பதற்காகவே போயிருந்தேன். வீடு திரும்பிய பின்னும் மனத்தை விட்டு அகலாதது வேறொரு முகம். சீர்திருத்த இல்ல நிர்வாகியின் மனைவியாக வரும் பெண், சேகண்டி போன்ற ஓர் உலோகத் தட்டை ஓங்கி அடிக்கிறார். அந்தத் தாளத்துக்கு அங்குள்ள பெண்கள் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். தாளம் வேகமெடுக்க, அடிப்பவரின் முகத்தில் ஒரு பரவசம் படர்கிறது. மௌனப் படம்தான், ஆனால், அந்த அடியோசை எனக்குக் கேட்டது. அதிகாரத்தின் இன்பம் எப்படி இருக்கும் என்பதை அவ்வளவு சுருக்கமாக வேறெவரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்த நடிகை வலெஸ்கா கெர்ட்.

அழகை மறுத்த கலை

1892இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதல் உலகப் போர் தந்தையின் தொழிலைக் குலைத்தது. மகள் தன் பிழைப்பைத் தானே தேட வேண்டியதாயிற்று. 1916இல் நடன மேடை ஏறினார். நளினமும் மென்மையுமே நடனம் என்று நம்பியிருந்த ரசிகர்களுக்கு முன்னால் அவர் ஆடிக் காட்டியவை பாலியல் தொழிலாளியின் களைப்பு, குத்துச்சண்டை, மரணத் தறுவாயின் கடைசி மூச்சு போன்றவை. ‘இடைவேளை’ என்ற அவரது ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. திரையரங்கில் படச்சுருள் மாற்றும் நேரத்தில் மேடைக்கு வந்து, அசையாமல் நிற்பார். அவ்வளவுதான் ஆட்டம். வேகமே வாழ்க்கை என்றாகிவிட்ட நகரம், சில நிமிடங்கள் அசைவின்மையைப் பார்க்க நேர்ந்தது.

அவருக்குள் இருந்த குணச்சித்திர நடிகையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாப்ஸ்ட். 1925இல் வெளிவந்த ‘மகிழ்ச்சியற்ற தெரு’, போருக்குப் பிந்தைய வியன்னாவின் பணவீக்கத்தைப் பற்றிய படம். இறைச்சிக்கடை வாசலில் பெண்கள் இரவெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். பத்தொன்பது வயது கிரெட்டா கார்போ வறுமையில் தவிக்கும் மகளாக நடித்தார். உடைக் கடையின் பின்னால் விபச்சார விடுதி நடத்தும் கிரைஃபர் அம்மாளாக வந்தார் கெர்ட். அவர் கார்போவுக்குக் கடனாக ஒரு கம்பளிமயிர் மேலங்கியைக் கொடுக்கும் இடத்தில், கருணையும் கணக்கும் ஒரே புன்னகையில் தெரியும். அடுத்த ஆண்டு ழான் ரெனுவாரின் ‘நானா’வில் பணிப்பெண் ஸோயி. 1931இல், பேசும் படமாக வந்த ‘மூன்று காசு இசைநாடக’த்தில் பீச்சமின் மனைவி. ஒலி வந்ததும் ஒதுங்க நேர்ந்த நடிகர்கள் பலர். மேடைக் குரல் பழகிய கெர்ட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பறிக்கப்பட்ட அறுவடை

நாயகிகளுக்கு இளமையே மூலதனம். குணச்சித்திர நடிகைக்கோ நாற்பதுக்குப் பிறகுதான் அறுவடைக் காலம். முகத்தில் கோடு விழ விழ வேடங்கள் கூடும். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது கெர்ட்டின் வயது 41. யூதர் என்பதால் ஜெர்மனியின் மேடையும் திரையும் அவருக்கு மூடப்பட்டன. ‘மூன்று காசு இசைநாடகம்’ தடை செய்யப்பட்டது.

இந்த இடத்தில் எனக்கு இன்னொரு நடிகர் நினைவுக்கு வருகிறார். ‘மகிழ்ச்சியற்ற தெரு’வில் கொடூரமான இறைச்சிக் கடைக்காரராகவும், ‘நானா’வில் பிரபுவாகவும் நடித்த வெர்னர் கிராஸ். கெர்ட் நடித்த அதே இரண்டு படங்கள். கிராஸ் நாட்டிலேயே தங்கினார். 1940இல் நாஜிகளின் வெறுப்புப் பிரச்சாரப் படமான ‘யூதன் ஸூஸ்’ஸில் பல யூதர்களின் வேடங்களை ஒருவராகவே ஏற்று, அவர்களைக் கேலிச்சித்திரங்களாக்கினார். உண்மையான யூத நடிகை அப்போது கடல் கடந்து வாழ்ந்துகொண்டிருந்தார்.

லண்டன் வழியாக நியூயார்க் சென்ற கெர்ட், அங்கே ‘பிச்சைக்காரர் மதுக்கூடம்’ என்ற சிறு கேளிக்கை அரங்கை 1941இல் தொடங்கினார். பின்னாளில் பெரும் நாடகாசிரியரான டென்னஸி வில்லியம்ஸ் அங்கே சில காலம் மேசைப் பணியாளராக இருந்தார். போர் முடிந்து, 1949இல் கெர்ட் பெர்லின் திரும்பினார். அடுத்த ஆண்டு தொடங்கிய ‘சூனியக்காரியின் சமையலறை’ அரங்கில் அவர் ஏற்ற வேடங்களுள் ஒன்று, புஹென்வால்ட் வதைமுகாம் தளபதியின் மனைவி இல்ஸே கோஹ். இதை அறிந்தபோது எனக்கு அந்தத் தட்டை அடிக்கும் காட்சிதான் கண்முன் வந்தது. 1929இல் கற்பனையாக நடித்துக் காட்டிய பெண்ணை, இருபது ஆண்டுகளுக்குப் பின் நிஜப் பெயரோடு நடிக்க வேண்டியிருந்தது. மறக்க விரும்பிய நகரத்தில் இதற்குத் துணிவு வேண்டும்.

உலகம் கவனிக்கும்படி அவர் திரைக்கு மீண்டது 1965இல், ஃபெலினியின் ‘ஆவிகளின் ஜூலியட்’ படத்தில். ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத ஒரு ஞானகுரு வேடம். அதன் பெயர் பீஷ்மா! மகாபாரதம் அறிந்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும்; அங்கே அந்த இரட்டை நிலை சிகண்டிக்கு உரியது. அப்போது கெர்ட்டுக்கு 73 வயது. ‘மூன்று காசு இசைநாடக’த்துக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள். 1970இல் ஜெர்மன் திரைத்துறை தன் விருதை அவருக்கு வழங்கியது. ஷ்லோண்டார்ஃபின் 1976ஆம் ஆண்டுப் படமான ‘கருணைக் கொலைக்குண்’டில் பிரஸ்கோவியா அத்தையாக நடித்தார், அடுத்த ஆண்டு அதே இயக்குநர் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார்.

1978 மார்ச் தொடக்கத்தில், ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தில் தரகர் வேடம் ஏற்க வெர்னர் ஹெர்சாக்குடன் அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மூலப்படத்தில் ஆண் ஏற்ற வேடம் அது. படப்பிடிப்பு தொடங்கும் முன், அதே மாதத்தில், ஸில்ட் தீவின் கம்பென் ஊரில் தனிமையில் இறந்தார். சில நாட்களாக அவரைக் காணாத அண்டை வீட்டார் சொல்லி, கதவை உடைத்துத்தான் உடலை எடுத்தார்கள். 86 வயதிலும் அடுத்த வேடம் காத்திருந்தது.

மேடையில் அசையாமல் நின்ற இடைவேளை அவர் தேர்ந்தெடுத்தது. வாழ்வின் நடுவே விழுந்த முப்பதாண்டு இடைவேளை ஓர் அரசு அவர்மீது சுமத்தியது. வெறுப்பு ஆட்சிகள் அழித்த படங்களை நாம் கணக்கெடுக்கிறோம். எடுக்கப்படாமலே போன படங்களுக்குக் கணக்கு இல்லை. பழைய படம் ஒன்றில் சில நிமிடங்களே வந்து மனத்தில் தங்கிவிடும் முகத்தைக் கண்டால், அதன் பெயரை இப்போது தேடிப் பார்க்கிறேன். அதன் பிறகு அந்த முகம் எங்கே போயிற்று என்றும் தேடுகிறேன்.