நாற்பது காயங்கள் பெற்ற கால்பந்து வீரர்

நம் இல்லங்களில் சிறுவர்கள் கால்பந்தாட்டத்தின் மீது கொண்டுள்ள மோகத்தைப் பெற்றோர் நன்கு அறிவர். எந்த வீரர் எத்தனை கோல் போட்டார் என்பதைச் சிறுவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். கோல் கணக்கினால் அன்றி, ஒரே நாளில் செய்த ஒரு செயலினால் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் சரிதையை இவ்வாரம் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் பெயர் வில்லியம் ஆங்கஸ்.

ஸ்காட்லாந்து தேசத்திலுள்ள ஆர்மடேல் என்னும் ஊரில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். பிறகு குடும்பம் கார்லூக் என்ற சிற்றூரில் குடியேறியது. அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம். உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகள் நெடுங்காலம் பள்ளிக்குச் செல்வது அக்காலத்தில் அரிது. ஆங்கஸும் பதினான்காம் வயதில் படிப்பை விட்டுச் சுரங்க வேலைக்குப் போனார். பகலெல்லாம் பூமிக்கடியில் வேலை செய்தவருக்கு, ஓய்வு நேரத்தில் வெளிச்சமும் காற்றும் தந்தது கால்பந்தாட்டம். அவருடைய ஆட்டத்திறமை, கிளாஸ்கோ நகரின் செல்டிக் சங்கத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செல்டிக் சங்கம் பிறந்த கதை நம் பங்குக் குடும்பங்கள் அறிந்து மகிழத்தக்கது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பட்டினியால் வாடிய ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் தேவைப்பட்டது. அதன்பொருட்டு, மரிய சபையைச் சேர்ந்த சகோதரர் வால்ஃபிரிட் என்பவர் முன்னின்று, 1887-ஆம் ஆண்டு புனித மரியன்னை கோயில் மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இச்சங்கத்தைத் தோற்றுவித்தார். ஏழைகளின் பசி தீர்க்கப் பிறந்த சங்கம், பின்னர் உலகப் புகழ் பெற்றது.

அத்தகைய பெரிய சங்கத்தில் சேர்ந்தும், ஆங்கஸுக்கு முதல் அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. அதனால் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. விஷா என்ற ஊரின் திஸில் சங்கத்திற்குச் சென்று அதன் அணித்தலைவரானார். பெரிய இடத்தில் பின்வரிசை கிடைத்தபோதும், சிறிய இடத்தில் முன்வரிசை கிடைத்தபோதும் ஒரே மனத்தோடு உழைத்தவர் அவர்.

1914-ஆம் ஆண்டு முதல் உலக மகாயுத்தம் மூண்டது. ஆங்கஸ் படையில் சேர்ந்து பிரான்சு தேசத்துப் போர்முனைக்குச் சென்றார். அங்கே ராயல் ஸ்காட்ஸ் படையின் எட்டாவது பட்டாளத்தில் லான்ஸ் கார்ப்பரலாகப் பணிபுரிந்தார். கார்லூக் ஊரைச் சேர்ந்த லெப்டினென்ட் ஜேம்ஸ் மார்ட்டின் என்ற இளம் அதிகாரியும் அதே முனையில் இருந்தார்.

1915 ஜூன் மாதம். ஜிவான்சி என்னுமிடத்தில் இரு படைகளும் பதுங்குகுழிகளில் எதிரெதிரே கிடந்தன. ஓரிரவு மார்ட்டின் சில வீரர்களுடன் எதிரியின் மண்மேட்டைத் தாக்கச் சென்றார். ஜெர்மானியர் அதை உணர்ந்து வெடி வைத்துத் தகர்த்தனர். மற்றவர்கள் திரும்பிவந்தனர், மார்ட்டின் வரவில்லை. இறந்தார் என்றே யாவரும் எண்ணினர். ஆனால் மறுநாள் 12-ஆம் தேதி, எதிரியின் அரணுக்குச் சில அடி தூரத்தில் அவர் உடல் அசைவதைக் கண்டார்கள்.

போய் மீட்டுவர ஆங்கஸ் முன்வந்தார். இடையே சுமார் 70 கஜம் வெட்டவெளி, பட்டப்பகல். போகிறவன் உயிரோடு திரும்ப வழியே இல்லை என்று அதிகாரிகள் எடுத்துச் சொல்லி முதலில் மறுத்தனர். ஆங்கஸ் விடவில்லை. முடிவில் அனுமதி கிடைத்தது. அவர் விழுந்தால் பின்னாலிருந்து இழுப்பதற்காக உடலில் கயிறு கட்டி அனுப்பினார்கள்.

ஓசையின்றி ஊர்ந்து சென்று மார்ட்டினை அடைந்தார் ஆங்கஸ். தம் உயிருக்கு அரணாக இருந்த அந்தக் கயிற்றை அவிழ்த்து, காயமுற்றவர் உடலில் கட்டினார். அந்நேரம் எதிரி கண்டுகொண்டான். கைக்குண்டுகளும் துப்பாக்கிக் குண்டுகளும் பொழிந்தன. ஆங்கஸ் சைகை காட்ட, நண்பர்கள் கயிற்றைப் பற்றி மார்ட்டினை இழுத்துக்கொண்டனர். ஆங்கஸோ அவர் பின்னே ஓடாமல், வேறு திசையில் திரும்பி, எதிரியின் குறியைத் தம் பக்கம் ஈர்த்தார். அதனால் மார்ட்டின் பிழைத்தார். ஆங்கஸும் எப்படியோ குழிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் உடலில் சுமார் நாற்பது காயங்கள். இடக்கண் பறிபோயிற்று, பாதத்திலும் கடுங்காயம். இனி அவர் கால்பந்து ஆடுவதற்கில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி, லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீரப் பதக்கமாகிய விக்டோரியா கிராஸை அவருக்குச் சூட்டினார். ஊர் திரும்பியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றனர்.

ஆரவாரம் ஓய்ந்த பின்னும் அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஆட முடியாமற்போன ஆட்டத்தை அவர் வெறுக்கவில்லை. கார்லூக் ரோவர்ஸ் என்ற உள்ளூர்ச் சங்கத்தின் தலைவராயிருந்து, இளைஞர்கள் ஆடுவதைக் கண்டு மகிழ்ந்தார்.

மார்ட்டின் செய்தது என்ன? ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12-ஆம் தேதி, அந்நாளை நினைவுகூர்ந்து வாழ்த்தும் சிறு தந்தி ஒன்றை ஆங்கஸுக்கு அனுப்பிவந்தார். ஓராண்டும் தவறவில்லை. 1956-இல் மார்ட்டின் காலமானார், தந்தி நிற்கவில்லை. அவருடைய சகோதரர் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தார். 1959 ஜூன் 14-ஆம் தேதி, அந்த நாள் கடந்து இரண்டே தினங்களில், ஆங்கஸ் கண்மூடினார்.

பெற்றோர்களே, உயிரைப் பணயம் வைக்கும் வேளை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் செய்ந்நன்றி மறவாதிருக்கும் வேளை எல்லாருக்கும் உண்டு. கஷ்ட காலத்தில் கைகொடுத்தவரை நாலு மாதத்தில் மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நம் குடும்பம் இடறிய நாளில் தாங்கிய அண்டை வீட்டாரையும், பள்ளிச் சம்பளம் கட்ட உதவிய உறவினரையும் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். ஆண்டுக்கொரு முறையாவது அவர்கள் வீட்டு வாசலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆங்கஸின் தீரம் ஒரு நாளில் வெளிப்பட்டது. மார்ட்டினின் நன்றியோ நாற்பது ஆண்டுகள் நிலைத்தது. இரண்டையும் நம் பிள்ளைகள் கற்கட்டும்.