பொய்ப்பூச்சிக் கலைஞர் மேகன் போய்ட்

இலையுதிர் காலத்தில் ஹம்பர் ஆற்றங்கரையில் தூண்டிலோடு நிற்போரை ரொறன்ரோ வாழ் தமிழர் பலர் கண்டிருப்பர். அவருட் சிலர் புழுவுக்குப் பதிலாக, முள்ளில் இறகும் உரோமமும் பட்டுநூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை வீசி மீனை ஏமாற்றுவர். அத்தொழிலைக் கலையாக உயர்த்தியவர்களுள் ஒருவர் மேகன் போய்ட் அம்மையார்.

1915 இல் இங்கிலாந்திற் பிறந்த அவர், தந்தையார் ஆற்றுக் காவலராகப் பணியேற்றதால், குழந்தைப் பருவத்திலேயே வட ஸ்கொட்லாந்தின் புரோராவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே பொப் டிரஸ்லர் என்னும் வேட்டைக் காவலர் ஆசானாக வாய்த்தார். கட்டிய பூச்சியைப் பிரித்து, அதே இறகுகளையும் நூலையும் கொண்டு அதனிலும் சிறிய முள்ளில் மீண்டும் கட்டுமாறு அவர் பணித்தார். அதுவே முதற்பாடம்.

இருபது வயதளவில் கின்ராட்வெல் என்னுமிடத்துச் சிறு குடிலொன்றில் குடியேறிய மேகன், மின்சாரமின்றிப் பல்லாண்டு அங்கே தொழில் செய்தார். மரபான அளவுகளை இம்மியும் பிசகாது பேணிய பின்னரே சொந்தக் கற்பனைக்கு இடமளித்தார். கருமையும் நீலமும் கலந்த அவரது பூச்சி, கோடையில் நீர் குறைந்த ஆற்றிலும் சமன் மீனை ஈர்ப்பதாகப் புகழ்பெற்று, அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1971 இல் பிரித்தானியப் பேரரசுப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. தமது நாயைப் பார்த்துக்கொள்ள எவருமில்லையெனக் கூறி அவர் அரண்மனை விழாவுக்குச் செல்லவில்லை.

முதுமையிற் பார்வை மங்கவே தொழிலைக் கைவிட்ட அவர், 2001 இல் காலமானார். மீனைக் கொல்ல மனம் ஒவ்வாத அவர், தாம் கட்டிய பூச்சியால் ஒரு மீனையேனும் பிடித்ததில்லை. வந்தடைந்த மண்ணின் மரபைப் பொறுமையுடன் பயின்று, அதிலே தம் கைவண்ணத்தையும் பதித்துச் சென்றவர் அவர்.