நல்ல செய்தி கொண்டு வந்த கிழவன்

கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நாடகத்தின் சுவை போய்விடும் என்பார்கள். ஆனால் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகர மக்கள், கதையைத் தெரிந்துகொண்டுதான் நாடகம் பார்க்கப் போனார்கள். எல்லாம் வழிவழியாகக் கேட்ட பழைய கதைகள்!

அப்படிப்பட்ட கூட்டத்தையும் திகிலில் உறைய வைத்தார் ஒருவர். அவர்தான் சோபக்ளிஸ்.

கி.மு. 496-ஆம் ஆண்டு வாக்கில், ஏதென்சுக்குப் பக்கத்தில் உள்ள கொலோனஸ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தகப்பனார் ஆயுதப் பட்டறை வைத்திருந்தவர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை.

கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் பாரசீகரை முறியடித்தார்கள். வெற்றி விழாவில் ஆடிப் பாடிய சிறுவர்களுக்குத் தலைவனாக நின்றவர் சோபக்ளிஸ் என்று பழைய வரலாறு கூறுகிறது.

ஏதென்சில் ஆண்டுதோறும் நாடகப் போட்டி நடக்கும். மலைச்சரிவுதான் கொட்டகை. கூரை கிடையாது. கி.மு. 468-ல் நடந்த போட்டியில், பேரும் புகழும் பெற்ற ஈஸ்கிலசைத் தோற்கடித்து முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனார் சோபக்ளிஸ். அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை!

அவர் எழுதிய நாடகங்கள் 120-க்கு மேல். இன்று முழுதாகக் கிடைப்பவை ஏழே ஏழு.

மூன்றாவது நடிகர்

அவர் காலத்துக்கு முன் மேடையில் பேசும் நடிகர்கள் இரண்டே பேர். வேடத்தை மாற்றி, முகமூடியை மாற்றி, அவர்களே எல்லாப் பாத்திரங்களையும் நடிப்பார்கள். பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். சோபக்ளிஸ் மூன்றாவது நடிகரைக் கொண்டு வந்தார்.

ஓர் ஆள் கூடினால் என்ன பெரிய மாற்றம் என்று தோன்றும். இரண்டு பேர் பேசும்போது மூன்றாமவர் பேசாமல் நிற்கலாம் அல்லவா? அந்த மௌனத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்ப்போம்.

ஈடிபஸ் மன்னன்

கி.மு. 430-ல் ஏதென்சில் கொள்ளை நோய் புகுந்தது. மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அதை அடுத்த சில ஆண்டுகளில்தான் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகம் அரங்கேறியது என்று அறிஞர்கள் பலர் கணிக்கிறார்கள். நாடகமும் கொள்ளை நோயோடுதான் தொடங்குகிறது.

தீப்ஸ் நகரில் நோய். முந்தைய மன்னன் லாயசைக் கொன்றவன் ஊருக்குள்ளேயே இருக்கிறான், அவனை விரட்டினால்தான் நோய் தீரும் என்று தெய்வ வாக்கு சொல்கிறது. அவனைக் கண்டுபிடித்தே தீருவது என்று மன்னன் ஈடிபஸ் சூளுரைக்கிறான்.

கொன்றவன் அவனே! கொல்லப்பட்ட லாயஸ் அவனைப் பெற்ற தந்தை. இப்போது அவனுக்கு மனைவியாக இருக்கும் அரசி ஜொகாஸ்தா, அவனைப் பெற்ற தாய். இது ஈடிபசுக்குத் தெரியாது. பார்க்க வந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

பிறந்த பிள்ளை தந்தையைக் கொல்வான் என்று அஞ்சி, குழந்தையின் கால்களைத் துளைத்துக் கட்டி, மலையில் போட்டுவிடும்படி ஓர் இடையனிடம் கொடுத்திருந்தார்கள். அவன் இரக்கப்பட்டு, கொரிந்து நாட்டு இடையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டான். கொரிந்து மன்னன் அதைத் தன் பிள்ளையாக வளர்த்தான்.

வளர்ந்த ஈடிபஸ், தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற தெய்வ வாக்கைக் கேட்டான். வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று நம்பி, அவர்களைக் காப்பாற்ற ஊரைவிட்டே ஓடினான். வழியில் ஒரு முச்சந்தியில் தகராறு. எதிரே தேரில் வந்த பெரியவரை அடித்துக் கொன்றான். அவர்தான் லாயஸ்!

அந்தக் காட்சி

இப்போது கொரிந்திலிருந்து ஒரு கிழவன் வருகிறான். அந்நாட்டு மன்னன் இறந்துவிட்டான், ஈடிபசே இனி அரசன் என்று மகிழ்ச்சியோடு சொல்கிறான். தந்தை என் கையால் சாகவில்லை என்று ஈடிபசுக்கு உயிர் வருகிறது. ஆனால் தாய் கொரிந்தில் உயிரோடு இருக்கிறாளே என்று தயங்குகிறான்.

கிழவன் நல்லவன். மன்னனின் பயத்தைப் போக்க நினைக்கிறான். கொரிந்து அரசி உன்னைப் பெற்றவள் அல்ல, லாயசின் இடையன் ஒருவன்தான் உன்னை என்னிடம் கொடுத்தான் என்று சொல்லிவிடுகிறான்.

ஆறுதல் சொல்ல வந்த வாயிலிருந்தே இடி விழுகிறது! சோபக்ளிசின் திறமை இங்கேதான் இருக்கிறது. கெட்ட செய்தியை எதிரி கொண்டு வந்திருந்தால் இவ்வளவு பதைப்பு வராது.

மன்னனும் கிழவனும் பேசப் பேச, ஜொகாஸ்தா பேசாமல் நிற்கிறாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூட்டத்தின் கண்கள் அந்த மூன்றாவது உருவத்தின் மேல்தான் இருந்திருக்கும். கடைசியில் அவள் வாய் திறக்கிறாள். மேலே விசாரிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். அவனோ, தான் ஏழைக் குலத்தில் பிறந்தவனோ என்று அவள் வெட்கப்படுவதாக எண்ணுகிறான். அவள் உள்ளே ஓடிவிடுகிறாள்.

பழைய இடையனை இழுத்து வருகிறார்கள். கொரிந்துக் கிழவன் பழைய நண்பனைக் கண்டதும் உற்சாகமாக நினைவூட்டுகிறான். இடையன் அவன் வாயை அடக்கப் பார்க்கிறான். மன்னன் மிரட்டுகிறான். கையைப் பின்னால் முறுக்கச் சொல்கிறான். சின்னச் சின்னக் கேள்வி, சின்னச் சின்னப் பதில். ஒவ்வொரு பதிலிலும் ஒரு கதவு மூடுகிறது. நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பான். நிறுத்தவில்லை.

இதில் ஒரு விந்தை. மூன்றே நடிகர்கள் என்பதால், அரசியாக உள்ளே ஓடியவரே முகமூடி மாற்றி இடையனாகத் திரும்பி வந்திருக்க வேண்டும்!

அதன் பிறகு நடந்தவற்றைச் சோபக்ளிஸ் கண்முன் காட்டவில்லை. அரசி தூக்கிட்டுக்கொண்டதையும், அவள் ஆடை ஊசிகளால் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டதையும் ஓர் அரண்மனை ஆள் வந்து சொல்கிறான். பிறகுதான் குருடனாக மன்னன் வெளியே வருகிறான்.

இந்த நாடகம் போட்டியில் முதல் பரிசு பெறவில்லை. ஈஸ்கிலசின் மருமகன் உறவான ஒருவருடைய நாடகம் பெற்றது. நடுவர்களுக்கு அன்று என்ன தோன்றியதோ! பின்னாளில் வந்த பேரறிஞர் அரிஸ்டாட்டில், நாடகக் கலை பற்றி எழுதியபோது அந்தக் கொரிந்துக் கிழவனின் வரவைத்தான் உதாரணம் காட்டினார்.

முதுமை

சோபக்ளிஸ் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது, சொத்தைப் பார்த்துக்கொள்ளத் தகுதி இல்லை என்று பெற்ற மகனே வழக்குப் போட்டதாக ஒரு கதை உண்டு. அவர் வாதாடவில்லையாம். அப்போது எழுதிக்கொண்டிருந்த நாடகத்தை எடுத்து வாசித்தாராம். நீதிபதிகள் வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

கி.மு. 406 வாக்கில் அவர் காலமானார். அந்தக் கடைசி நாடகத்தை, அவர் பெயரையே கொண்ட பேரன் கி.மு. 401-ல் மேடை ஏற்றினான். அதில் குருட்டு ஈடிபஸ், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஓர் ஊரில் வந்து உட்காருகிறான். அந்த ஊர் கொலோனஸ்.