சாத்தானிடம் கற்றதல்ல: ராபர்ட் ஜான்சனின் கிதாரும் அதன் மீது கட்டப்பட்ட கதையும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிரீன்வுட் நகரைச் சுற்றியுள்ள சமவெளியில், ஒரே மனிதருக்கு மூன்று இடங்களில் கல்லறைக் கற்கள் நிற்கின்றன. மூன்றும் கறுப்பின மக்களின் சிறிய தேவாலயங்களை ஒட்டிய இடுகாடுகளில் உள்ளன. உலகின் பல பகுதிகளிலிருந்து வரும் ரசிகர்கள் அக்கற்களின் மீது நாணயங்களையும், கிதார் நரம்பை மீட்டும் வில்லைகளையும், சில வேளைகளில் விஸ்கிப் புட்டிகளையும் வைத்துவிட்டுச் செல்கிறார்கள். 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று அவர் இறந்தபோது அங்கே ஒரு கல்லும் இல்லை. அவர் பெயர் ராபர்ட் ஜான்சன். ப்ளூஸ் இசைக் கலைஞர். இறக்கும்போது வயது 27.

அவரைப் பற்றி எதுவும் அறியாதவர்கள்கூட ஒரு கதையை அறிந்திருப்பார்கள். கிதார் வாசிக்கத் தெரியாத இளைஞன் ஒருவன் நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானைச் சந்தித்தான். தன் ஆன்மாவை விற்று இசையை வாங்கிக்கொண்டான். அதற்கான விலையாக இளமையிலேயே மாண்டான். நாமும் அவரை முதலில் இந்தக் கதை வழியாகத்தான் அறிந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்பதற்குச் சுவையான கதை. ஆனால் ஒரு கறுப்பின உழைப்பாளியின் திறமைக்கு அவருடைய உழைப்பைத் தவிர வேறு எதையாவது காரணமாகக் காட்டியாக வேண்டும் என்ற அவசரம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தகுதி என்ற சொல்லோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டி வரும் நமக்கு அந்த அவசரம் புதிதல்ல.

அவர் பிறந்தது ஹேசல்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில், 1911ஆம் ஆண்டு மே மாதத்தில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு. பள்ளிப் பதிவும் திருமணப் பதிவும் இறப்புச் சான்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தாய் ஜூலியாவின் கணவர் சார்லஸ் டாட்ஸ் மரச்சாமான்கள் செய்பவர், சொந்த நிலம் வைத்திருந்தவர். கறுப்பினத்தவர் ஒருவர் தன் காலில் நிற்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. உள்ளூர் வெள்ளையர்களோடு ஏற்பட்ட தகராறில் அவரை அடித்துக் கொல்ல ஒரு கும்பல் திரண்டது. அவர் பெண் வேடமிட்டு ஊரைவிட்டுத் தப்பினார் என்று குடும்பத்தார் சொல்லிவந்தனர். மெம்பிஸ் நகருக்குச் சென்றவர் ஸ்பென்சர் என்று பெயரையே மாற்றிக்கொண்டார். ஹேசல்ஹர்ஸ்டில் பிள்ளைகளோடு எஞ்சிய ஜூலியாவுக்கும் நோவா ஜான்சன் என்ற தொழிலாளிக்கும் பிறந்தவர்தான் ராபர்ட். அந்தக் கும்பல் திரண்டிருக்காவிட்டால் அவர் பிறந்தே இருக்கமாட்டார்.

சிறு வயதில் சில ஆண்டுகள் மெம்பிஸில் ஸ்பென்சர் வீட்டில் வளர்ந்தார். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது. நகரத்தின் இசையும் இருந்தது. எழுத்தறிவற்ற பண்ணைப் பையன் என்று பின்னாளில் வரையப்பட்ட சித்திரத்தில் இந்த மெம்பிஸ் ஆண்டுகளுக்கு இடமே தரப்படவில்லை. பிறகு தாய் மறுமணம் செய்துகொண்டபோது ராபின்சன்வில் அருகிலுள்ள பெரும் பருத்திப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பண்ணைகள் இயங்கிய முறையைச் சற்று விளக்கியாக வேண்டும். நிலமும் விதையும் கோவேறு கழுதையும் உரிமையாளருடையவை. வாரத்துக்குப் பயிரிடும் குடும்பம் ஆண்டு முழுவதும் அவருடைய கடையிலேயே மாவையும் துணியையும் கடனாக வாங்கும். அறுவடைக்குப் பின் கணக்குப் பார்க்கப்படும். கணக்குப் புத்தகம் உரிமையாளரிடம் இருக்கும். பெரும்பாலும் மிஞ்சுவது கடன்தான். அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் மனிதர்களை நிலத்தோடு கட்டிவைத்த ஏற்பாடு இது. மாற்றாந்தந்தை ராபர்ட்டைப் பருத்தி வயலுக்கு அழைத்தார். ராபர்ட் போக மறுத்தார். சுவரில் கம்பியை இழுத்துக் கட்டி மீட்டியும், வாய்வழி ஊதும் ஹார்மோனிகாவை வாசித்தும் நாட்களைக் கழித்தார். சோம்பேறி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. கூலியின்றி உழைக்க மறுப்பவரை ஆண்டைகள் வேறு எப்படி அழைப்பார்கள்? வருத்தம் என்னவென்றால், அந்தச் சொல்லை அவருடைய வீட்டாரும் நம்பினார்கள்.

1929இல் வர்ஜீனியா டிராவிஸ் என்ற இளம்பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரசவத்தின்போது தாயும் குழந்தையும் இறந்தனர். அதன்பின் அவர் ஒரு வீட்டில் நிலைத்து வாழவே இல்லை எனலாம்.

அந்த ஆண்டில்தான் சன் ஹவுஸ் என்ற புகழ்பெற்ற ப்ளூஸ் கலைஞர் ராபின்சன்வில் பகுதிக்கு வந்தார். சனிக்கிழமை இரவு ஆட்டக்கூடங்களில் அவரும் வில்லி பிரவுனும் வாசிப்பார்கள். இடைவேளையில் அவர்களுடைய கிதாரை எடுத்து ராபர்ட் தட்டுவார். அது காதைக் குடையும் ஓசையாக இருந்ததென்றும், கூட்டத்தார் சலித்துக்கொண்டார்கள் என்றும் சன் ஹவுஸ் முதுமையில் நினைவுகூர்ந்தார். பின்னர் ராபர்ட் ஊரைவிட்டு மறைந்தார். திரும்பி வந்து வாசித்தபோது பெரியவர்கள் இருவரும் வாயடைத்துப் போனார்கள். இடையில் நடந்தது என்ன என்பதற்குத்தான் நாற்சந்திக் கதை விடை சொல்கிறது.

உண்மையான விடை பிறந்த ஊரான ஹேசல்ஹர்ஸ்டை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. அங்கே ஐக் ஸிம்மர்மன் என்ற கறுப்பினக் கிதார்க் கலைஞர் வாழ்ந்தார். அவர் ஒரு இசைத்தட்டும் வெளியிட்டதில்லை. ஆதலால் வரலாறு அவரை நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை. அவர் ராபர்ட்டைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் பிள்ளைகள் உறங்குவார்கள் என்பதால் இரவு நேரங்களில் இருவரும் அருகிலுள்ள இடுகாட்டுக்குச் சென்று கல்லறைகளின் மேல் அமர்ந்து வாசித்தார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பயிற்சி செய்ய ஏழைகளுக்கு வாய்த்த அமைதியான இடம் அது. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், எண்ணற்ற இரவுகள். இதில் சாத்தானுக்கு இடமில்லை.

அந்தக் கதை முதலில் இவருடையதே அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். டாமி ஜான்சன் என்ற வேறொரு ப்ளூஸ் கலைஞரைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது அது; இருவருக்கும் உறவு ஏதுமில்லை. 1960களில் ப்ளூஸைத் தேடி வந்த வெள்ளையின ஆர்வலர்களின் எழுத்துகளில் அது ராபர்ட்டின் மேல் ஏறி, 1986இல் திரைப்படமாகவும் வந்து, சுற்றுலாவுக்கும் பயன்பட்டது. கறுப்பின மக்களிடையே நாற்சந்தி குறித்த நம்பிக்கைகள் இருந்தன. தேவாலயத்தார் ப்ளூஸைச் சாத்தானின் இசை என்றும் தூற்றினர். ஆனால் அவற்றைக் கொண்டு ஒரு மனிதரின் பயிற்சிக் காலத்தையே அழித்தெழுதியது வேறு செயல்.

1936 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில், கண்டர் ஹோட்டல் அறையொன்றில் அவருடைய பாடல்கள் முதன்முதலில் பதிவாயின. மறு ஆண்டு ஜூனில் டல்லாஸில் இரண்டாவது பதிவு நடந்தது. மொத்தம் ஐந்து நாட்கள், 29 பாடல்கள். அவர் விட்டுச் சென்ற இசை முழுவதும் இவ்வளவே. பதிவை நடத்திய டான் லா பின்னாளில் கூறியபடி, சான் அன்டோனியோவில் வேலையின்றித் திரிந்ததாகக் குற்றஞ்சாட்டிக் காவல்துறையினர் அவரைப் பிடித்து அடித்து, கிதாரையும் உடைத்துவிட்டனர். பதிவுக்கு வந்த கலைஞருக்கு வேலையில்லை என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். சுவரைப் பார்த்தபடி அமர்ந்து பாடினார், கூச்சம் மிகுந்தவர் என்றும் டான் லா சொன்னார். அறையின் மூலையில் ஓசை செறிந்து ஒலிக்கும் என்பதை அறிந்தே அப்படி அமர்ந்திருக்கலாம் என்று கிதார்க் கலைஞர்கள் சிலர் கருதுகின்றனர். நாமும் அவர்கள் பக்கமே சாய்கிறோம்.

ஏனெனில் அந்தப் பதிவுகளே சாட்சி சொல்கின்றன. ஒரே பாடலை இரண்டு முறை பதிவு செய்த இடங்களில் பெரும்பாலும் அடிக்கு அடி, நரம்புக்கு நரம்பு மிகச் சிறிய மாற்றங்களே உள்ளன. ஆவேசம் வந்து பாடியவர் அல்லர். மூன்று நிமிட இசைத்தட்டின் அளவுக்குப் பாடலை முன்கூட்டியே செதுக்கி வைத்திருந்தவர். பியானோவில் இடக்கை வாசிக்கும் தாளத்தைக் கிதாரின் தடித்த நரம்புகளுக்குக் கொண்டுவந்து, மேல் நரம்புகளில் மெட்டை ஓடவிட்டார். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதாக ஒலிக்கும். லெராய் கார், லோனி ஜான்சன், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளைக் கூர்ந்து கேட்டுக் கற்றதன் தடயங்களும் அப்பாடல்களில் உள்ளன. டெர்ராபிளேன் ப்ளூஸ் என்ற தட்டு மட்டும் ஓரளவு விற்றது. அவருக்குக் கைமேல் ஒரு தொகை கிடைத்தது. விற்பனையில் பங்கு கிடையாது.

மற்ற நாட்களில் தெருமுனைகளிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் வாசித்தார். நண்பர் ஜானி ஷைன்ஸுடன் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், கனடாவின் எல்லை வரை சென்றார். கூட்டம் எதைக் கேட்கிறதோ அதை வாசிப்பார். போல்கா நடன இசையும் பிங் கிராஸ்பியின் மெல்லிசைப் பாடல்களும் அவருக்கு அத்துபடி. இருளும் துயரும் மட்டுமே நிறைந்த மனிதராக அவரை நேசிக்க விரும்புவோருக்கு இந்தச் செய்தி உவப்பாக இருப்பதில்லை.

இறப்பு குறித்து விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. கிரீன்வுட் அருகே ஒரு ஆட்டக்கூடத்தில் பொறாமை கொண்ட கணவன் ஒருவன் மதுவில் நஞ்சு கலந்தான் என்பது பரவலான நம்பிக்கை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1968இல், ஆய்வாளர் ஒருவர் இறப்புச் சான்றைக் கண்டெடுத்தார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் மருத்துவர் இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. பின்பக்கத்தில், மேகநோயால் இறந்தான் என்ற பண்ணை உரிமையாளரின் ஊகம் குறிக்கப்பட்டிருந்தது. பிணக்கூராய்வு இல்லை, வழக்கும் இல்லை. பண்ணையில் செத்த கறுப்பினத்தவரின் நோயை முடிவு செய்யும் அதிகாரமும் ஆண்டையிடமே இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கறுப்பின இசை விழா ஒன்றை ஜான் ஹேமண்ட் நடத்தினார். ராபர்ட்டை மேடையேற்ற விரும்பியவருக்கு இறப்புச் செய்தி எட்டியது. அவர் மேடையில் ராபர்ட்டின் இரண்டு இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். 1961இல் கொலம்பியா நிறுவனம் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. அட்டையில் முகம் தெரியாத ஒரு கிதார்க்காரரை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருந்தார்கள். அப்போது அவருடைய புகைப்படம் எதுவும் வெளியாகியிருக்கவில்லை. இங்கிலாந்தில் எரிக் கிளாப்டனும் கீத் ரிச்சர்ட்ஸும் அந்தத் தட்டில் கற்றார்கள். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அவருடைய பாடல் ஒன்றைத் தம் தட்டில் சேர்த்தபோது அவர் பெயர் அச்சாகவில்லை. 1994இல் அஞ்சல்தலை வந்தது. மூலப் படத்தில் உதட்டிலிருந்த சிகரெட்டை நீக்கிவிட்டு அச்சிட்டார்கள்.

1990இல் முழுத் தொகுப்பு வெளியாகிப் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றபோது பணம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. ஒரு சேகரிப்பாளர் 1974லேயே ராபர்ட்டின் சகோதரியுடன் பாதிப் பங்குக்கு ஒப்பந்தம் செய்திருந்தார். கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஊரில் சரளைக்கல் லாரி ஓட்டி வாழ்ந்த கிளாட் ஜான்சன் தான் ராபர்ட்டின் மகன் என்று வழக்குத் தொடுத்தார். 1998இல் நீதிமன்றம் அவரை வாரிசாக ஏற்றது. 2000இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தந்தை இறந்து 62 ஆண்டுகள் கழித்து, தம் எழுபதாவது வயதை நெருங்கும்போது, அந்தப் பணம் மகனிடம் வந்தது.

தந்தையைக் கண்டதைக் கிளாட் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரை வளர்த்த தாத்தாவும் பாட்டியும் இறைப்பற்று மிக்கவர்கள். சாத்தானின் இசையை வாசிப்பவரை அவர்கள் வீட்டுக்குள் விடவில்லை. ராபர்ட் வாசலிலேயே நின்று, மகனுக்கென்று கொண்டுவந்த பணத்தைக் கொடுத்தார். சிறுவன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ராபர்ட் மண் தரையில் நின்றார். பிறகு திரும்பி நடந்துவிட்டார்.