பதவியினும் பெரியது

பதவி கிட்டியதும் ஏறிவந்த படிகளை மறப்போர் பலரை நாம் கண்டுள்ளோம். மறவாத ஒருவரின் வரலாற்றை இங்கு நினைவுகூர்வோம். அவரே வி. வி. கிரி.

1894ஆம் ஆண்டு பெர்காம்பூரில் பிறந்த அவர், சட்டம் பயில அயர்லாந்து சென்றார். அந்நாட்டு விடுதலை இயக்கத்தினரோடு தொடர்பு கொண்டமையால் 1916இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். தாயகம் திரும்பியபின், பெங்கால் நாகபுரி ரயில்வேத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிச் சங்கம் வளர்த்தார். 1927இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாக அமர்ந்தார்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில், சென்னை மாகாண முதன்மந்திரியாயிருந்த பொப்பிலி அரசரை எதிர்த்து நின்று வென்றார். செல்வமும் செல்வாக்கும் ஒருபுறம் நிற்க, வெற்றி மறுபுறம் சென்றது. இராஜாஜியின் மந்திரி சபையில் தொழிலாளர் இலாகாவும் கைத்தொழில் இலாகாவும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1939இல் அச்சபை பதவி துறந்தது. 1946இல் அவர் மீண்டும் மாகாண மந்திரியானார்.

பின்னர் மத்தியத் தொழிலாளர் மந்திரியாய் இருக்கையில் சோதனை வந்தது. வங்கி ஊழியர் வழக்கில் நியாய சபை அளித்த தீர்ப்பை 1954இல் அரசாங்கம் திருத்தியது. அதற்கு இசையாத கிரி, பதவியினின்று விலகினார். 1969இல் குடியரசுத் தலைவராகி, 1980இல் மறைந்தார்.

அவர் வகித்த பதவிகள் பல. எனினும், துறந்த அந்த ஒரு பதவியே அவரை நமக்கு நன்கு அறிவிக்கின்றது.