முதுகுப் பை நிறையக் கற்கள்... எவரெஸ்ட்டுக்கு டென்சிங் தயாரான கதை!

1953-ம் வருடத்தின் தொடக்கம். டார்ஜிலிங்கில் இன்னும் முழுசா விடியவில்லை. ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் நேரத்தில், ஒருவர் முதுகுப் பை நிறையக் கற்களை அடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார். இறங்குகிறார். மறுபடி ஏறுகிறார். வயது 39-ஐ நெருங்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாள் முன்புவரை மலேரியா காய்ச்சலில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த உடம்பு அது.

அவர் டென்சிங் நார்கே. அதே வருடம் மே 29-ம் தேதி எட்மண்ட் ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியில் கால்வைக்கப் போகிறவர்.

ஸ்கூல் புக்ல இவரைப் பத்தி ஒரு வரி படிச்சிருப்பீங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னால் 18 வருடங்களும், உச்சியைத் தொடாமல் திரும்பிய 6 எவரெஸ்ட் பயணங்களும் இருக்கின்றன. ரெண்டு வாரம் ஜிம்முக்குப் போயிட்டு, ஒரு ரீல்ஸைப் பார்த்துட்டு, இமயமலை டிரெக்கிங்குக்குப் பணம் கட்டுற ஆளா நீங்க? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

மழைக்காலப் பாடம்

டென்சிங் பிறந்தது 1914-ல். வைத்த பெயர் நாம்கியால் வாங்டி. துறவி ஒருவரின் யோசனைப்படிதான் டென்சிங் நார்கே ஆனார். வீட்டில் 13 பிள்ளைகள். அவர்களில் பலர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். யாக் மேய்த்து வளர்ந்த பையன், மலையேற்றக் குழுக்கள் கிளம்பும் ஊர் என்பதால் டார்ஜிலிங்குக்கு வீட்டைவிட்டு ஓடிவந்தான். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், பின்னாளில் பல மொழிகள் பேசினார்.

முதல் வாய்ப்பு 1935-ல் வந்தது. எரிக் ஷிப்டன் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவில், 20 வயது சுமைதூக்கியாகச் சேர்ந்தார். அந்தக் குழுவின் நோக்கமே வேறு. மழைக்காலத்தில் எவரெஸ்ட்டின் பனி எப்படி இருக்கும் என்று பார்ப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் 6,000 மீட்டரைத் தாண்டிய 26 சிகரங்களில் ஏறினார்கள். ஆனால், எவரெஸ்ட்டின் மேல்பகுதி கைகொடுக்கவில்லை. மழைக்காலத்துப் புதுப்பனி இறுகாது. கால் வைத்தால் உள்ளே போகும், சரிந்தால் ஆளையே மூடும்.

முந்தின வருடம் தன்னந்தனியாக எவரெஸ்ட் ஏற வந்து இறந்துபோன மாரிஸ் வில்சனின் உடலை அந்தக் குழுதான் கண்டெடுத்தது. பனிமலை அனுபவமே இல்லாமல், மனஉறுதி மட்டும் போதும் என்று நம்பி வந்தவர் வில்சன்.

1936-ல் மறுபடி போனார்கள். அந்த வருடம் பருவமழை முன்கூட்டியே வந்து எல்லோரையும் திருப்பி அனுப்பியது. 1938-ல் டென்சிங் 8,200 மீட்டருக்கும் மேலே சுமை தூக்கிப் போனார். அதற்காக டைகர் பதக்கம் கிடைத்தது. ஆனால், மழை அப்போதும் முந்திக்கொண்டது.

ஏன் மே மாதம்?

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. எவரெஸ்ட் உச்சியின் உயரம் 8,849 மீட்டர். கிட்டத்தட்ட விமானங்கள் பறக்கிற உயரம். குளிர்காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் பெருங்காற்று அந்த உச்சியை அறைந்துகொண்டே இருக்கும். மே மாதத்தில் அது வடக்கே நகரும். ஜூனில் பருவமழை வந்துவிடும். காற்று போய், மழை வருவதற்குள் கிடைக்கிற சில நாள்கள்தான் மலை திறக்கிற கதவு. மழைக்குப் பிறகு இலையுதிர் காலத்தில் இன்னொரு கதவு திறக்கும். ஆனால், அப்போது புதுப்பனி குவிந்திருக்கும், பகல் சுருங்கிக்கொண்டே போகும், நாளுக்கு நாள் குளிரும் காற்றும் கூடும்.

இதையெல்லாம் டென்சிங் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் மலையில் நின்று கற்றுக்கொண்டார்.

போக மறுத்த மலை

அவர் கற்றதிலேயே கொடுமையான பாடம் எவரெஸ்ட்டில் இல்லை, நங்க பர்பத்தில். 8,126 மீட்டர் மலை. 1950 கடைசியில் மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் அங்கே போனார்கள். டென்சிங் அந்தக் குழுவின் சர்தார், அதாவது ஷெர்பாக்களின் தலைவர். காலமோ நடுக்குளிர்காலம்.

ஷெர்பாக்கள் மேலே போக மறுத்தார்கள். டென்சிங்கும் மறுத்தார். உச்சிக்காக ஏங்கிய மனிதர்தான், ஆனால் அந்தப் பருவத்தில் அந்த மலை ஆளை விழுங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இளைஞர்கள் தாங்களே மேலே போனார்கள். ஒருவர் உறைபனியில் பாதிக்கப்பட்ட கால்களோடு இறங்கிவந்தார். மற்ற இருவரும் புயலுக்குப் பிறகு திரும்பவே இல்லை. தேடிப்போனவர்களால் ஆழமான பனியில் முன்னேற முடியவில்லை.

சொன்னதைக் கேட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்ற வருத்தம் ஒரு பக்கம். தன் பேச்சை நம்பிய ஷெர்பாக்கள் உயிரோடு வீடு திரும்பியது இன்னொரு பக்கம். போகாமல் இருக்கத் தெரிவதும் தயாரிப்பில் ஒரு பகுதி என்று டென்சிங்குக்குப் புரியவைத்தது அந்த டிசம்பர்தான்.

ஒரே வருடம், இரண்டு பருவம்

1952-ல் ஸ்விட்சர்லாந்து குழு அவரை அழைத்தது. வசந்த காலத்தில் ஒரு முயற்சி, இலையுதிர் காலத்தில் இன்னொன்று.

மே 27 இரவு. டென்சிங்கும் ரேமண்ட் லாம்பெர்ட்டும் சுமார் 8,400 மீட்டரில் ஒரு கூடாரத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஸ்லீப்பிங் பேக் இல்லை. அடுப்பும் இல்லை. ஒரு காலி டப்பாவில் பனியை வைத்து, மெழுகுவத்திச் சுடரில் உருக்கி, வாயை நனைத்துக்கொண்டார்கள். தூங்கினால் உறைந்துவிடுவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இருவருக்கும் பொதுமொழி கிடையாது, பேச்சு பாதி சைகைதான். மறுநாள் சுமார் 8,595 மீட்டர் வரை போனார்கள். உச்சிக்கு இன்னும் 250 மீட்டர்தான். ஆனால் உடம்பில் தண்ணீர் இல்லை, தூக்கம் இல்லை, ஆக்ஸிஜன் கருவியும் நடக்கும்போது ஒத்துழைக்கவில்லை. திரும்பினார்கள்.

இலையுதிர் காலத்தில் அதே மலை வேறு முகம் காட்டியது. மேலிருந்து விழுந்த பனிக்கட்டி தாக்கி, மிங்மா டோர்ஜே என்ற ஷெர்பா இறந்தார். நவம்பரில் சவுத் கோல் கணவாயைத் தாண்டியபோது காற்று நிற்கவே விடவில்லை. வசந்த காலத்தில் தொட்ட உயரத்தைக்கூட நெருங்க முடியாமல் இறங்கினார்கள்.

வழியிலேயே டென்சிங்குக்கு மலேரியா. பாட்னாவில் மருத்துவமனைவாசம். எடை குறைந்து, வீடு திரும்பினார்.

மறுபடி முதலில் இருந்து

அந்த நிலையில்தான் 1953 பிரிட்டிஷ் குழுவின் அழைப்பு வந்தது. மனைவி ஆங் லாமு வேண்டாம் என்றார். உடம்பு தேறவில்லை, திரும்ப விழுந்தால் வீட்டின் கதி என்ன என்பது அவர் பயம். நியாயமான பயம். டென்சிங்கும் பயப்படாமல் இல்லை. ஆனால், தனக்கு இன்னொரு வாய்ப்பு வருமா என்பது அதைவிடப் பெரிய பயம்.

அதனால்தான் அந்த விடியற்காலைக் கற்கள். சிகரெட் கிடையாது, மது கிடையாது, விருந்துகளுக்குப் போவது கிடையாது. மலையில் என்ன செய்யப்போகிறாரோ, அதையே ஊரில் செய்தார்: முதுகில் எடை, கால்களில் ஏற்ற இறக்கம், தினமும். நீங்க டிரெட்மில்ல ஓடுறது தப்பில்லை. ஆனா, எடையோட இறங்கிப் பழகாத முழங்கால், மலையில் கண்டிப்பா உங்ககிட்ட கணக்கு கேட்கும்.

குழுவும் அவசரப்படவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தே தியாங்போச்சே மடாலத்தை அடைந்தார்கள். அங்கிருந்து சுற்றியுள்ள மலைகளில் சுமார் மூன்று வாரம் ஏறி இறங்கி, உடம்பைக் குறைந்த ஆக்ஸிஜனுக்குப் பழக்கினார்கள். உச்சியில் கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதை எந்த ஜிம்மும் சொல்லித்தராது.

மே 28 இரவு, கடைசிக் கூடாரம். இம்முறை அடுப்பு இருந்தது. எலுமிச்சைப் பானத்தை நிறையக் குடித்தார்கள். ஹிலாரி பூட்ஸைக் கழற்றிவைத்தார். காலையில் அது கல்லாக உறைந்திருந்தது, அடுப்பில் காட்டி இளக்க வெகுநேரம் ஆனது. டென்சிங் பூட்ஸோடே தூங்கியிருந்தார்.

மறுநாள் அவர் கழுத்தில் இருந்தது லாம்பெர்ட் கொடுத்த சிவப்புத் துண்டு. கால்களில் ஆங் லாமு பின்னிய காலுறை. தடுக்கப் பார்த்த மனைவியின் கையால் பின்னியது! பகல் 11.30 மணிக்கு உச்சி. மகள் நீமா தந்தனுப்பிய சிவப்பு-நீலப் பென்சிலை, கொஞ்சம் இனிப்புகளோடு பனியில் புதைத்துவைத்தார். கால் மணி நேரத்தில் இறங்கத் தொடங்கினார்கள்.

உச்சிக்குப் பிறகு வகுப்பறை

உலகத்தின் உச்சியைத் தொட்டவர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? மாணவரானார். 1954-ல் ஸ்விட்சர்லாந்து போய், அர்னால்ட் கிளாட்ஹார்ட் என்ற வழிகாட்டியிடம், மற்ற ஷெர்பாக்களோடு உட்கார்ந்து கயிறு, பாறை, பனி நுட்பங்களை முறைப்படி கற்றார். சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் சரியாகக் கற்க வேண்டும் என்பதுதான் காரணம்.

அதே வருடம் நவம்பரில் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. களப்பயிற்சி இயக்குநர் டென்சிங். 1976 வரை அந்த வேலையில் இருந்தார். தான் 18 வருடம் அடிபட்டுக் கற்றதை, இளைஞர்கள் சில வாரங்களில் கற்க வழிசெய்தார். 1986 மே 9-ம் தேதி டார்ஜிலிங்கில் இறந்தார். அந்த நிறுவன வளாகத்தில்தான் அவர் உடலுக்கு எரியூட்டினார்கள். இன்றும் அங்கே ஐஸ் ஆக்ஸை உயர்த்தியபடி சிலையாக நிற்கிறார்.

அடுத்த தடவை மலைக்குக் கிளம்பும்போது, ஷூ என்ன பிராண்டுனு பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. நீங்க போற மாசத்துல அந்த மலையில் காற்றும் பனியும் மழையும் எப்படி இருக்கும்? அதே எடையை முதுகில் சுமந்து நீங்க எத்தனை நாள் ஏறி இறங்கியிருக்கீங்க? பதில் திருப்தியா இல்லையா, டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்க. டென்சிங்கே 6 தடவை உச்சியைத் தொடாமல் திரும்பியவர்தான்!