நேதாஜி அணிந்த உடுப்பு

காணைக் கடைத்தெருவானாலும் சரி, கல்கத்தாக் கடைத்தெருவானாலும் சரி, நேதாஜி படம் என்றால் ராணுவ உடுப்புப் படம்தான். தலையில் தொப்பி, கண்ணில் மூக்குக்கண்ணாடி, காக்கிச் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ்.

அந்தக் கண்ணாடிதான் முதலில் குறுக்கே நின்றது!

சுபாஷ் சந்திர போஸ் 1897 ஜனவரி 23-ல் கட்டாக் நகரில் பிறந்தார். தகப்பனார் பெரிய வக்கீல். முதல் உலக யுத்தம் நடந்தபோது, வாலிபரான சுபாஷ் வங்காளிப் பட்டாளத்தில் சேரப் போனார். கண் பரிசோதனையில் தவறிவிட்டார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆசை விடவில்லை. பிறகு கல்லூரி மாணவர் படையில் சேர்ந்து காக்கி அணிந்தார்.

1920-ல் லண்டனில் ஐ.சி.எஸ். பரீட்சையில் நாலாவதாகத் தேறினார். கலெக்டர் ஆகியிருக்கலாம். மறு வருஷமே அந்த உத்தியோகத்தை உதறினார்.

காந்திஜிக்குப் பிடிக்கவில்லை

1928 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தொண்டர் படைக்கு சுபாஷ் தளபதி. ராணுவத் தளபதி போலவே உடை தரித்து வந்தார். அதைத் தைத்தது யார் தெரியுமா? கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரத் தையற்கடை! ஊரெல்லாம் கதர் உடுத்தச் சொன்ன காலம் அது. காந்திஜிக்கு இந்த அணிவகுப்பு சர்க்கஸ் போலத் தோன்றியது. வாலிபர்களுக்கோ ஒரே குதூகலம்.

1939 செப்டம்பர் 3-ல் சுபாஷ் சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்தார். அங்கேதான் இரண்டாவது யுத்தம் மூண்ட சேதி அவர் காதுக்கு எட்டியது.

1941 ஜனவரியில் ஒருநாள் நள்ளிரவு. போலீஸ் காவலை ஏமாற்றி, பட்டாணியர் வேஷத்தில் வீட்டை விட்டு வெளியேறினார். காபூல் போனார். அங்கிருந்து இத்தாலியர் பெயரில் பாஸ்போர்ட்டுடன் ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு புலி

ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜெர்மனியில் கைதிகளாக இருந்தார்கள். அவர்களைக் கொண்டு சுபாஷ் ஒரு படை திரட்டினார். சுமார் 3,000 பேர் சேர்ந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது ஜெர்மன் உடுப்பு. பச்சை கலந்த சாம்பல் நிறம். முன்காலத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் நீல உடுப்பு அணிந்தார்கள். துப்பாக்கிகள் வெகுதூரம் சுட ஆரம்பித்ததும், நீலம் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. அதனால் முதல் யுத்தத்துக்குச் சற்று முன்பு இந்த மங்கிய நிறத்துக்கு மாறினார்கள்.

இந்தியர் சட்டையின் வலது கையில் மட்டும் ஒரு சின்னம்: மூவர்ணத்தின் மேல் பாயும் புலி. சீக்கியர்கள் தலைப்பாகையை விடவில்லை.

ஹிட்லர் பெயரையும் சுபாஷ் பெயரையும் சேர்த்துச் சொல்லிச் சத்தியம் செய்தார்கள். லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்று குவித்த ஹிட்லர்! சுதந்திர தாகம் எவ்வளவு பெரிதானாலும், இந்தச் சத்தியத்தை நினைத்தால் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது.

1943 பிப்ரவரியில் சுபாஷ் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே கிளம்பினார். படை ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டது. ஹாலந்துக்கும் பிரான்சுக்கும் அனுப்பப்பட்டது. இந்திய எல்லையை அது எட்டவே இல்லை.

ஜூலை 5-ல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தை சுபாஷ் பார்வையிட்டார். உடம்பில் காக்கி உடுப்பு. மலேயாத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்த தமிழ்ப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். சேலையை மடித்து வைத்துவிட்டுக் கால்சட்டை மாட்டித் துப்பாக்கி பிடித்தார்கள்! அவர்களுக்குத் தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி.

1945 ஆகஸ்ட் 18-ல் தைவான் தீவில் விமானம் விழுந்து நொறுங்கியது. பெட்ரோல் தெறித்த காக்கி உடுப்பில் தீப்பற்றியது. அன்றிரவே ஆஸ்பத்திரியில் நேதாஜி உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 48.